கல்லூரிக்குக் கொண்டுபோகும் கருவி - ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கை



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு கோவில் முற்றத்தில் நடக்கும் பேச்செல்லாம் ஒன்றுதான். எந்தக் கல்லூரி, என்ன பாடம், எவ்வளவு கட்டணம், விடுதி உண்டா இல்லையா. மதுரை நகரத்துப் பங்குகளிலும் சரி, சுற்றியுள்ள கிராமப் பங்குகளிலும் சரி, பெற்றோரின் கவலை ஒரே மாதிரிதான். ஆனால் ஒரு தந்தை வேறு ஒரு கேள்வியோடு வந்தார். அவர் ஆட்டோ ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவர். அவருடைய மகன் ஐந்து ஆண்டுகளாகப் பங்கின் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறான். தேர்ப்பவனியில் அவன் வாசிப்பதைக் கேட்டு நின்றவர்கள் நம்மில் பலர் உண்டு. பையன் வெளியூரில் இசை படிக்க இடம் வாங்கிவிட்டான். இதுவரை வாசித்தது பேண்டுக்குச் சொந்தமான பழைய பிளாஸ்டிக் கருவி. இனி அவனுக்கென்று ஒன்று வேண்டும். அதுவும் பயிற்சிக் கருவியாக இல்லாமல், தொழில்முறைக் கலைஞர்கள் வாசிக்கும் தரத்தில் இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். விலையைக் கேட்டதும் அவருக்குத் தலை சுற்றிவிட்டது.

வீட்டில் இருக்கும் நகையை வைத்து வாங்கலாமா, அது சரியா, நாளைக்கு இந்தக் குழல் அவனுக்குச் சோறு போடுமா என்பதுதான் அவருடைய கேள்வி. உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒருவருடைய வாழ்க்கை நினைவுக்கு வந்தது. அவரும் இந்தப் பக்கத்து மண்ணுக்குப் படிக்க வந்த எளிய வீட்டுப் பிள்ளைதான். அவரும் படிக்க வந்த இடத்தில்தான் ஒரு இசைக்கருவியைக் கையில் எடுத்தார். அதைப் பற்றிச் சொல்லுமுன் கிளாரினெட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தத் தந்தையின் தலைசுற்றல் நமக்குப் புரியாது.

நல்ல கிளாரினெட் ஆப்பிரிக்கக் கருமரத்தால் ஆனது. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்த்தியான மரம் அது. அதில் துளையிட்டு, பதினேழு சாவிகளும் ஆறு வளையங்களும் பொருத்துகிறார்கள். இந்த அமைப்பு 1840-களில் பாரிஸ் நகரில் உருவானது. இன்றும் உலகில் பெரும்பாலான இடங்களில் அதுவே வழக்கம். புதிய மரக் கருவியை முதல் சில வாரங்களுக்கு நாள்தோறும் கொஞ்ச நேரம்தான் ஊத வேண்டும். உள்ளே மூச்சின் ஈரமும் வெளியே காய்ந்த காற்றும் சேர்ந்தால் மரம் வெடித்துவிடும். நம் மதுரை வெயிலில் சொல்லவே வேண்டாம். பிளாஸ்டிக் கருவிக்கு இந்தப் பயம் இல்லை. அதனால்தான் வெயிலில் நடந்து வாசிக்கும் பேண்டுகள் அதை வைத்திருக்கின்றன. ஆனால் மரத்தின் அடிக்குரலில் இருக்கும் கனமும், மெல்ல ஊதும்போதும் சுரம் கலையாமல் நிற்கும் உறுதியும் மலிவான கருவியில் வருவது அரிது. புதிதாக வாங்கினால் சில லட்சங்கள். பழையதாக வாங்கினால் பாதிக்கும் குறைவு.

கிளாரினெட் நமக்கு அந்நியமான கருவியும் அல்ல. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் (1798–1832) அரண்மனையில் மேற்கத்திய பேண்டு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரிகளில் முகவீணை இருந்த இடத்தில் கிளாரினெட் வந்து உட்கார்ந்தது. திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன் அதைக் கர்நாடக இசைக் கச்சேரியின் முதன்மைக் கருவியாகவே உயர்த்தினார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆக, கருவி எங்கிருந்து வந்தது என்பதைவிட அது யார் கையில் போகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

இனி ஆபிரகாம் பண்டிதரிடம் வருவோம்.

அவர் 1859 ஆகஸ்ட் 2-ஆம் நாள் தென்காசிக்கு அருகே சாம்பவர்வடகரையில் பிறந்தார். தந்தை முத்துசாமி, தாய் அன்னம்மாள். நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். நெல்லைச் சீமையில் வேர்விட்ட சீர்திருத்தச் சபைக் குடும்பம் அவருடையது. பிரிந்த சகோதரர்கள் என்று நாம் அழைக்கும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை பல உண்டு என்பதற்கு இவர் வாழ்க்கையும் ஒரு சாட்சி. சுரண்டையில் மிஷன் பள்ளியில் படித்தார். பிறகு ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். அன்று திண்டுக்கல் மதுரை மாவட்டத்துக்கு உட்பட்ட ஊர். தனி மாவட்டமானது 1985-இல்தான். அங்கே நார்மல் பள்ளி என்று அழைக்கப்பட்ட ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றை யார்க் என்ற ஆங்கிலேயர் நடத்திவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிலேயே பாடம் நடத்தத் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்குவது அதன் நோக்கம். இன்றைய கணக்கில் அதுதான் அவருடைய கல்லூரி.

அந்தக் காலத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 1875-இல்தான் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை நம் தாத்தா பாட்டிகள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். மதுரைச் சமவெளியில் கண்மாய்கள் காய்ந்தன. கஞ்சித்தொட்டிகளைச் சுற்றி மக்கள் கூடினார்கள். அப்படிப்பட்ட ஒரு பத்தாண்டில், ஆசிரியர் வேலைக்குப் பயிற்சி பெற வந்த ஓர் இளைஞன் இசை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான் என்றால், வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாம் ஊகிக்கலாம். வேலை கிடைக்கும் வழியைப் பார் என்றுதான் எந்தப் பெற்றோரும் சொல்லியிருப்பார்கள். அதில் தவறும் இல்லை.

ஆனால் அந்த இளைஞனுக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் கற்றுக்கொள்ளும் பசி இருந்தது. புகைப்படக் கலை அப்போதுதான் நம் நாட்டில் பரவத் தொடங்கியிருந்தது, அதைப் பழகினார். அச்சுத் தொழிலைப் பழகினார். வானவியல், சோதிடம், மூலிகை என்று எதையும் விடவில்லை. இவற்றின் நடுவேதான் திண்டுக்கல்லில் சடையாண்டி பத்தர் என்ற இசை ஆசிரியரிடம் வயலின் கற்கச் சேர்ந்தார்.

வயலினை ஏன் எடுத்தார்? ஐரோப்பியர் கொண்டுவந்த இந்தக் கருவியை அதற்கு முந்தைய முக்கால் நூற்றாண்டில் நம் இசைக்காரர்கள் முழுக்கத் தங்களுடையதாக்கிக்கொண்டிருந்தார்கள். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதில் முன்னோடிகள். ஐரோப்பாவில் நின்றுகொண்டு தோளில் வைத்து வாசித்ததை நாம் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கிறோம். நான்கு தந்திகளையும் சட்ஜம், பஞ்சமம் என்று மாற்றிச் சுருதி சேர்க்கிறோம். வயலினில் மெட்டுகள் கிடையாது. விரல் எங்கே அழுந்துகிறதோ அங்கேதான் சுரம். ஒரு மயிரிழை விலகினாலும் காது கண்டுபிடித்துவிடும். ஹார்மோனியத்தில் சுரம் ஏற்கெனவே செய்து வைக்கப்பட்டிருக்கிறது. வயலினில் வாசிப்பவர்தான் ஒவ்வொரு முறையும் சுரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே எத்தனை இடங்கள் இருக்கின்றன என்ற கேள்வி ஒருவன் மனதில் விழ வேண்டுமானால் இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அந்தக் கேள்வி ஆபிரகாமின் மனதில் எந்த வயதில் விழுந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய நூல் முழுவதும் அந்த ஒரே கேள்விதான்.

வயலினை எடுத்தவர் வயலின் வித்துவான் ஆகவில்லை. இதைத்தான் நான் அந்தத் தந்தையிடம் முக்கியமாகச் சொன்னேன். ஆபிரகாம் ஆசிரியர் ஆனார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். நேரம் கிடைத்தபோது மூலிகைகளைத் தேடி மலைகளுக்குப் போனார். அப்படிப் போன இடம் கம்பம் பள்ளத்தாக்கை அடுத்த சுருளி மலை. இன்று தேனி மாவட்டம், அன்று அதுவும் மதுரை மாவட்டம்தான். அருவியில் குளிக்கப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அங்கே கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்தார். சித்த மருத்துவத்தின் நுட்பங்களை அவரிடம் கற்றார். கிறிஸ்தவ இளைஞன் ஒருவன் சைவ மரபில் வந்த ஒரு துறவியின் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்டான். தன் விசுவாசத்தை விடவும் இல்லை, குருவை மறக்கவும் இல்லை. பிற்காலத்தில் அவர் தயாரித்த மருந்துகளுக்கும், வாங்கிய நிலத்துக்கும் அந்த முனிவரின் பெயரையே வைத்தார். அவருடைய பெரும் நூலின் தலைப்பிலும் அந்தப் பெயரின் சாயல் இருக்கிறது. பிற சமயத்தவரிடம் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொன்னது. ஆபிரகாம் பண்டிதர் அதற்கு எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்படி வாழ்ந்திருக்கிறார்.

1882-இல் திருமணம். மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியை. 1883-இல் இருவரும் தஞ்சாவூரில் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒரு பக்கம் பள்ளிக்கூடம், ஒரு பக்கம் வைத்தியம். நோயாளிகள் பெருகினார்கள். 1890-இல் பள்ளி வேலையை விட்டுவிட்டு முழுநேர மருத்துவரானார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்ற பெயரில் அவர் தயாரித்த மருந்துகள் வெளியூர்களுக்கும் போயின. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகையும் பயிர்களும் வளர்த்தார். பண்டிதர் தோட்டம் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1909-இல் ஆங்கில அரசு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. இதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டேன். செல்வம் சேர்ந்த கதை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. சேர்ந்த செல்வத்தை அவர் என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

தஞ்சாவூரில் குடியேறியவருக்கு நல்ல இசையும் வித்துவான்களும் கிடைத்தார்கள். மேற்கத்திய இசையின் இலக்கணத்தையும் அங்கே கற்றார். ஆனால் அவர் கேட்ட கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு அரிதாக இருந்தது. இசை கற்கத் தொடங்கும் பிள்ளைக்குக்கூடத் தெலுங்கு, சமஸ்கிருதப் பாடல்கள்தான். பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்ய வேண்டும். தாய்மொழியில் பாடம் நடத்துவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லவா அவர்? கற்கத் தொடங்குவோருக்கு ஏற்றபடி 96 தமிழ்ப் பாடல்களை இயற்றி, சுரக் குறிப்போடு 1907-இல் கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரில் வெளியிட்டார். அதில் இறைவனைத் துதிக்கும் பாடல்களே மிகுதி. திண்டுக்கல் பயிற்சிப் பள்ளியில் கற்ற பாடமுறையும், சடையாண்டி பத்தரிடம் கற்ற சுரமும் முப்பது ஆண்டுகள் கழித்து ஒரே புத்தகத்தில் சேர்ந்தன.

1912-இல் தஞ்சை சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். தொடர்ந்து சில ஆண்டுகள் இசை மாநாடுகளை நடத்தினார். பல ஊர்களிலிருந்து வித்துவான்களும் அறிஞர்களும் வந்தார்கள். பயணம், தங்கல், சாப்பாடு என்று செலவின் பெரும்பகுதி அவர் கையிலிருந்துதான். மாநாட்டில் பேசப்பட்ட முக்கியமான பொருள் சுருதி. ஒரு ஸ்தாயியில், அதாவது கீழ் ச முதல் மேல் ச வரை, எத்தனை சுருதிகள்? பழைய சமஸ்கிருத இசை நூல்கள் 22 என்று சொல்கின்றன. பெரும்பாலானவர்கள் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் படித்தார். பழந்தமிழர் பாலைகளைப் பிறப்பித்த முறையைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடங்களாகவும், அவற்றை மேலும் இரண்டிரண்டாக்கி 24 சம சுருதிகளாகவும் பிரிப்பதே தமிழர் முறை என்ற முடிவுக்கு வந்தார்.

கணக்கு காகிதத்தில் இருந்தால் போதாது, காதுக்கு வர வேண்டும் என்று அவர் நினைத்தார். இங்கேதான் மறுபடியும் கருவியைத் தேர்ந்தெடுக்கும் வேலை வருகிறது. இந்த முறை அவர் எடுத்தது வீணை. தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் உண்டு. ஆனால் அவை இரண்டு ஸ்தாயிகளுக்குச் சேர்த்து. அதாவது ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. மெட்டுகளை மெழுகில் பதித்திருப்பார்கள். மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம், தந்தியின் நீளத்தை அளந்து இடத்தைக் குறிக்கலாம். வயலினில் சுரத்தின் இடம் வாசிப்பவரின் விரலில் மறைந்திருக்கும். வீணையில் அது எல்லோருக்கும் தெரியும்படி மெட்டாக நிற்கும். கற்பதற்கு ஒரு கருவி, நிரூபிப்பதற்கு ஒரு கருவி. விலையையோ பெயரையோ பார்த்து அவர் எடுக்கவில்லை, என்ன வேலை ஆக வேண்டுமோ அதைப் பார்த்து எடுத்தார். தன் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் இசையைப் பழக்கினார். பெண்கள் சபையேறிப் பாடுவதும் வாசிப்பதும் குடும்பப் பெருமையாகக் கருதப்படாத காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

இசையைத் தேடுகிறவர்களின் தேவைக்குக் கருவி வளைந்துகொடுத்த இன்னொரு கதையும் தஞ்சைச் சீமையில் உண்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலம் வரை திமிரி எனப்படும் குட்டையான, உச்சக்குரலில் ஒலிக்கும் நாகஸ்வரமே பெருவழக்கு. அவர் நீளமான, கீழ்ச்சுருதிக் கருவியை விரும்பினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காக உழைத்துச் செய்து கொடுத்த பாரி நாகஸ்வரம்தான் இன்று எங்கும் ஒலிக்கிறது. நம் திருவிழாக்களில் கொடியேற்றத்துக்கு வாசிக்கும் நாகஸ்வரமும் பெரும்பாலும் அந்த வகைதான். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இது பண்டிதர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் நடந்த கதை. கருவியைப் பற்றிய பேச்சு என்பதால் இடையில் சொன்னேன்.

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. மன்னர் சாயாஜிராவ் ஆதரவில், பாத்கண்டேயின் முயற்சியில் கூடிய மாநாடு அது. தஞ்சாவூரிலிருந்து பண்டிதர் குடும்பத்தோடு ரயிலேறினார். வீணைகளையும் கொண்டுபோனார். இந்தியாவின் பெரிய இசை அறிஞர்கள் கூடியிருந்த அவையில், 22 என்பது தவறு, 24-தான் சரி என்று எடுத்துரைத்தார். அவர் வீட்டுப் பெண்கள் இசைத்துக் காட்டினார்கள். கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி 22 சுருதிகளுக்கென்றே ஒரு ஹார்மோனியத்தை உருவாக்கியிருந்த காலம் அது. ஆகவே இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. கருவிக்குக் கருவி நின்ற விவாதம். முடிவில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தீர்ப்பு எதுவும் வரவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இன்றுவரை வரவில்லை. பண்டிதருடைய கணக்கை ஏற்காத இசை அறிஞர்கள் பலர். பாடகர் ராகத்தின் போக்குக்கு ஏற்பச் சுரத்தை அசைத்துப் பிடிக்கிறார், அதைச் சமமான அளவுகளுக்குள் அடைக்க முடியாது என்பது அவர்களுடைய வாதம். என் சிறிய அறிவுக்கு அந்த வாதத்திலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. ஆனால் சிலப்பதிகாரத்துக்குள் ஓர் இசை இலக்கணம் முழுமையாகக் கிடக்கிறது என்பதைக் கணக்கோடு எடுத்துக்காட்டி, தமிழிசை ஆராய்ச்சிக்குப் பெரும் வாசலைத் திறந்தவர் அவர்தான் என்பதை மறுப்பவர் அநேகமாக இல்லை. பிற்காலத்தில் விபுலானந்த அடிகள் யாழ் நூல் எழுதியபோதும், 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோதும் அந்த வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது.

1917-இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேல். இளமையில் அச்சுத் தொழிலைப் பழகியிருந்தவர், தஞ்சையில் தனக்கென்று ஓர் அச்சகம் வைத்து அங்கேயே அச்சிட்டார். திண்டுக்கல்லில் பழகிய எதுவும் வீண்போகவில்லை பாருங்கள். அடுத்த பகுதிக்கான வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 1919 ஆகஸ்ட் 31-ஆம் நாள் காலமானார். அறுபது வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மீதியிருந்த பகுதியை அவருடைய பிள்ளைகள் காப்பாற்றி வைத்திருந்து 1946-இல் வெளியிட்டார்கள்.

இவ்வளவையும் கேட்ட அந்தத் தந்தை ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் வயலின் அவருக்குச் சோறு போடவில்லையே என்றார். ஆமாம், போடவில்லை. மருந்துதான் சோறு போட்டது. அந்த மருந்துப் பணத்தில்தான் மாநாடும், வீணையும், பரோடா பயணமும், அச்சகமும் நடந்தன. இசை அவருக்குக் கொடுத்ததைவிட அவர் இசைக்குக் கொடுத்தது அதிகம். அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. தாலந்து உவமையில் வரும் பணியாளர்களை நாம் எப்போதும் வரவு செலவுக் கணக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். நிலத்தில் புதைத்தவன் பயந்துபோய்ப் புதைத்தான் என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் ஆட்டோ வாடகையில் வீட்டை நடத்துகிறவருக்கு அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்பதும் எனக்குத் தெரியும். பண்டிதருக்கு முப்பது வயதில் கைகொடுத்த மருத்துவம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே நகையை வையுங்கள் என்றும் நான் சொல்லவில்லை, வைக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. பையனிடம் ஒரே ஒரு காரியம் கேட்கச் சொன்னேன். இந்தக் கருவியில் எதைத் தேடப் போகிறாய் என்று.

பையன் கொஞ்சம் கூச்ச சுபாவம். ஆனால் பதில் தெளிவாக இருந்தது. கர்நாடக இசையை இந்தக் குழலில் முறையாகக் கற்க வேண்டும், கோவில் பாட்டுகளையும் அப்படி வாசிக்க வேண்டும் என்றான். அப்படியானால் புதிதாக மினுங்கும் கருவி அவசியமில்லை என்று பேண்டின் மூத்த வாசிப்பாளர் ஒருவர் சொன்னார். கமகம் பிடிக்க விரலைத் துளையின் ஓரத்தில் மெல்ல நகர்த்த வேண்டும், உதட்டாலும் வளைக்க வேண்டும். சாவி எத்தனை பளபளப்பு என்பதைவிட, விரல் துளையை எப்படி மூடுகிறது, மெல்லிய ஊதலில் சுரம் நிற்கிறதா, அடிக்குரலிலிருந்து மேலே ஏறும்போது நடுவே குரல் மெலிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். நல்ல மவுத்பீஸும் பையனுடைய மூச்சுக்கு ஏற்ற ரீடும் இருந்தால் பாதிக் கவலை தீரும் என்றும் சொன்னார்.

அவரே ஒருநாள் தந்தையையும் மகனையும் அழைத்துப்போய் மூன்று பழைய மரக் கருவிகளை ஊதிப் பார்க்க வைத்தார். முதலாவதில் மேல் பகுதியில் மெல்லிய வெடிப்பு. அதை ஒட்டிச் சரிசெய்திருந்தார்கள், வேண்டாம் என்றார். இரண்டாவது பார்க்க அழகு, ஆனால் கீழ்ச் சுரங்கள் நிற்கவில்லை. மூன்றாவதன் சாவிகளில் வெள்ளி முலாம் தேய்ந்து போயிருந்தது. பஞ்சுப் பட்டைகளை மாற்ற வேண்டியிருந்தது. பையன் அதில் ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊதினான். பிறகு மாதா பாட்டு ஒன்றை மெதுவாக வாசித்தான். அதையே எடுத்துக்கொண்டார்கள். புதியதன் விலையில் நான்கில் ஒரு பங்கு. நகை வீட்டிலேயே இருக்கிறது. சீட்டுப் பணமும், பேண்டுக்காரர்கள் சேர்த்துக் கொடுத்த தொகையும் போதுமானதாக இருந்தன.

கல்லூரி திறப்பதற்கு முந்தின ஞாயிறு காணிக்கைப் பாட்டுக்கு அந்தக் கிளாரினெட்டை வாசித்தான். மறுநாள் மாலை மதுரை ஜங்ஷனில் ரயிலேறினான். அடுத்த பெரிய நிறுத்தம் திண்டுக்கல்.